விற்க எதுவும் இல்லாதவர்கள் வணிகக் கண்காட்சியில் ஸ்டால் போடும்போது

கோயம்புத்தூரில் நடந்த ஒரு இயந்திரத் தொழில் கண்காட்சியில் ஃப்ரீகேட் என்ற, இயந்திரப் பாகங்களைக் கணினியில் முப்பரிமாணமாக வரைய உதவும் இலவச மென்பொருளுக்காக ஸ்டால் போட்டோம். போட்டோம் என்று பன்மையில் எழுதுகிறேன். ஆனால் முன்பணம் கட்டியதிலிருந்து கடைசி நாள் இரவு சாமான்களை வண்டியில் ஏற்றியது வரை பெரும்பகுதி என் தலையில்தான் விழுந்தது. மொத்தச் செலவு 1,12,680 ரூபாய். நண்பர்களும் பயனர்களும் நன்கொடையாகத் தந்தது 61,000. மீதி 51,680 என் சேமிப்பிலிருந்து போனது. பணம் போனதைவிட, இதையெல்லாம் முன்பே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிச் சிரமம் வந்திருக்காதே என்ற ஆற்றாமைதான் எனக்கு அதிகம். பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபாஸ்டெம் மாதிரியான கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) கூடுகைகளில் தன்னார்வத் திட்டங்களுக்கு மேசை இலவசமாகவே கிடைக்கும். வருகிறவர்களுக்கும் நாம் யார் என்று தெரியும். வணிகக் கண்காட்சியில் அந்த இரண்டுமே கிடையாது. அங்கே உள்ள ஒவ்வொரு படிவமும் விதியும் நீங்கள் ஒரு கம்பெனி, எதையோ விற்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தே எழுதப்பட்டிருக்கும்.

பிறகு ஏன் அங்கே போனோம் என்று கேட்கலாம். கோவையில் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் லேத் பட்டறையும் பம்பு உதிரிபாகம் செய்கிற சிறு யூனிட்டும் இருக்கும். இவர்களில் பலர் வரைபடத்தை இன்னும் பேப்பரில் வைத்திருக்கிறார்கள், அல்லது எங்கிருந்தோ வந்த திருட்டுப் பிரதி கேட் (கணினியில் வரைபடம் போடும்) மென்பொருளில் வேலை செய்கிறார்கள். லைசென்ஸ் கேட்டு நோட்டீஸ் வருமோ என்ற பயம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃப்ரீகேட் 2002 முதல் வளர்ந்துவரும் திட்டம். எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வெளியானது. பாகங்களை ஒன்றுசேர்க்கும் அசெம்ப்ளி வசதி அதில் உள்ளேயே வந்துவிட்டது. மாடலில் முன்பு செய்த ஒன்றை மாற்றினால் பின்னால் வருவதெல்லாம் உடைந்துபோகிற பழைய தொல்லையும் பெருமளவு குறைந்தது. இனி பட்டறைக்காரரிடம் தயங்காமல் காட்டலாம் என்று தோன்றியது அப்போதுதான். அவர்கள் மென்பொருள் கூடுகைகளுக்கு வரமாட்டார்கள். இயந்திரம் பார்க்கத்தான் வருவார்கள். அதனால் நாம் அங்கே போக வேண்டியிருந்தது. அந்த எண்ணத்தில் இன்றும் மாற்றமில்லை.

முதல் முட்டுக்கட்டை பதிவுப் படிவத்திலேயே வந்தது. கம்பெனி பெயர், ஜிஎஸ்டி எண், பதிவுச் சான்று. எங்களுடையது மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற பயனர் குழு. பதிவும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. கடைசியில் என் பான் எண்ணைக் கொடுத்துத் தனிநபராகப் பதிவு செய்தேன். ஒன்பது சதுர மீட்டர் இடம், சதுர மீட்டர் 7,500 ரூபாய், ஆக 67,500. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 12,150. கம்பெனிகள் இந்த வரியைத் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும், அதனால் அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத நமக்கு அது முழுச் செலவு. விலைப்பட்டியலைப் பார்த்ததுமே வரியையும் சேர்த்துத்தான் குழுவிடம் சொல்ல வேண்டும். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள நிறுவனங்களுக்கு வாடகையில் ஒரு பகுதி அரசுத் திட்டத்தில் திரும்பக் கிடைக்கும். அதுவும் நமக்குப் பொருந்தாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் குழுவுக்குப் பதிவு இல்லையென்றால், பதிவு பெற்ற ஒரு சங்கமோ, பாலிடெக்னிக்கோ, அறக்கட்டளையோ தன் பெயரில் ஸ்டாலை எடுக்க முன்வருமா என்று முதலில் கேளுங்கள். நன்கொடை தனிநபரின் ஜிபேயில் வந்து சேர்ந்தால், நாளைக்கு வருமானவரிக் கணக்கில் இது என்ன பணம் என்று விளக்க வேண்டியவர் அவர்தான். நான் யார் எவ்வளவு அனுப்பினார்கள், எதற்குச் செலவானது என்று ரசீதோடு ஒரு தாள் போட்டு எல்லோருக்கும் பகிர்ந்தேன். அதனால் மனத்தாங்கல் எதுவும் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களோ அமைப்போ பணம் தருகிறோம் என்றால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். இங்குள்ள சங்கம் வெளிநாட்டு நன்கொடை பெற, எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது இல்லாமல் வாங்கினால் சங்கத்துக்கே சிக்கல். எங்களுக்கு அப்படி ஒரு உதவி வருவதாக இருந்தது. ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று நன்றியோடு மறுத்தோம்.

முன்பணம் கட்டியபோது வரைபடத்தில் எங்கள் ஸ்டால் நடுப்பாதையில் இருந்தது. கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புது வரைபடம் வந்தது. பெரிய இடம் எடுத்த ஒரு கம்பெனிக்காக வரிசைகளை மாற்றிவிட்டார்கள், நாங்கள் அரங்கின் கடைசியில் கேன்டீனுக்குப் போகும் வழியோரம். ஏற்பாட்டாளரிடம் பேசிப் பார்த்தேன். மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கும் வரியைக் காட்டினார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர்கள் கொடுத்த பணம் என்பதால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது இரண்டு: இடம் மாறினால் வாடகையில் குறைப்பு உண்டா, பக்கத்து ஸ்டால்களில் என்ன ஓடப்போகிறது. எங்களுக்கு வலப்பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து காட்டும் இயந்திரம். கம்ப்ரசர் ஓடும்போது எதிரே நிற்பவர் பேசுவது கேட்காது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பெயர்ப்பலகை விஷயம் யாருக்கும் தோன்றாது. ரசீது என் பெயரில் இருந்ததால், ஸ்டால் முகப்பிலும் கண்காட்சிக் கையேட்டிலும் திட்டத்தின் பெயருக்குப் பதில் என் பெயரே அச்சாகியிருந்தது. முகப்பில் என்ன எழுத வேண்டும் என்று கேட்க ஒரு தனிப் படிவம் இருக்கிறதாம், அது எனக்கு வரவே இல்லை. புதிதாக ஒட்ட 1,500 ரூபாய். கையேட்டில் மாற்ற வழியில்லை. பதிவு செய்த கையோடு, ரசீதுப் பெயர் ஒன்று, முகப்புப் பெயர் வேறு என்று மின்னஞ்சலில் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள். திட்டத்தின் சின்னத்தை அச்சிடுவதற்கு முன் திட்டத்தாரிடமும் ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுவிடுவது முறை.

ஒன்பது சதுர மீட்டருக்கு அவர்கள் தருவது மூன்று பக்கத் தடுப்பு, தரையில் கார்ப்பெட், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில விளக்குகள், 5 ஆம்ப் பிளக் ஒன்று, ஒரு குப்பைத்தொட்டி. தடுப்புகள் அலுமினியக் கால்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலப் பலகைகளாக நிற்கும். ஆணி அடிக்கக் கூடாது, பலகை கெட்டால் அபராதம். அதனால் பின்புற பேனரை மூன்று மீட்டர் ஒரே துண்டாக அச்சிட்டு மேலிருந்து தொங்கவிடுவது நல்லது. பேனரில் முக்கியமான எழுத்து எதுவும் இடுப்புக்குக் கீழே வேண்டாம், மேசையும் ஆட்களும் மறைத்துவிடுவார்கள். நான் பார்த்த வரையில் நடந்துபோகிறவர்கள் நின்றது ஒரே ஒரு வரிக்காகத்தான்: ‘லைசென்ஸ் கட்டணம் இல்லாத 3டி கேட்’ என்று தமிழில் பெரிதாகப் போட்டிருந்தோம். திட்டத்தின் பெயரைப் பார்த்து நின்றவர்கள் மிகக் குறைவு.

ஆட்கள் விஷயம்தான் என்னை அதிகம் நோகடித்தது. குழுவில் ஏழு பேர் வருகிறேன் என்றார்கள். கண்காட்சி வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை. வியாழனும் வெள்ளியும் வேலைநாள். ஒருவருக்கு ஆபீஸில் மென்பொருள் ரிலீஸ், ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை, ஒருவர் வீட்டில் காய்ச்சல். யாரையும் குறை சொல்ல முடியாது, சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை இது. ஆனால் முதல் இரண்டு நாள் நானும் ஒரு இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவனும் மட்டும்தான். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் லேப்டாப்பை விட்டு நகர முடியாது. கூட்டம் வரும் நேரம் பதினொன்று முதல் இரண்டு மணி வரை, அதுதான் சாப்பாட்டு நேரமும். கார்ப்பெட்டுக்குக் கீழே வெறும் கான்கிரீட். மாலையில் குதிகால் விண்ணென்று தெறிக்கும். ஒரு நாளைக்கு நான்கு பேர், இரண்டிரண்டு பேராக மாறி மாறி என்று கணக்கு வைத்து, லீவு உறுதியானவர்களை மட்டும் எண்ணுங்கள். “பார்க்கலாம்ணா” என்று சொல்பவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த எண்ணிக்கை வராவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்தால் மாணவர்களுக்கு ஆன் டியூட்டி கிடைக்கும். என்னோடு நின்ற தம்பி அப்படி வந்தவன்தான். மூன்றாம் நாள் அவன் என்னைவிட நன்றாக விளக்கினான்.

அப்புறம் கரண்ட். வரைந்ததை வெட்டியும் காட்டினால் பட்டறைக்காரர்கள் நிற்பார்கள் என்று, நண்பர் ஒருவரின் சிறிய சிஎன்சி ரவுட்டரை, அதாவது கணினி சொல்கிறபடி செதுக்கி வெட்டும் இயந்திரத்தை, கொண்டுவந்திருந்தோம். அதை இயக்க, பேரலல் போர்ட் உள்ள ஒரு பழைய கணினியில் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் 1990களில் தொடங்கிய கட்டுப்பாட்டு மென்பொருள்தான் இந்தப் பெயரில் இன்று கட்டற்றதாக வளர்ந்து நிற்கிறது. மெழுகுக் கட்டையில் ஊர்ப்பெயர் செதுக்கிக் காட்டுவதாகத் திட்டம். முதல் நாள் காலை ஸ்பிண்டிலை (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரை) முடுக்கியதும் எங்கள் வரிசை முழுவதும் இருண்டது. அந்த வரிசைக்கே ஒரே பிரேக்கர். எதிர் ஸ்டாலில் டெமோ காட்டிக்கொண்டிருந்தவர் வந்து சத்தம் போட்டார், அவர் கோபம் நியாயமானது. எலக்ட்ரீசியன் வந்து தனி இணைப்பு கொடுக்க மதியம் ஆகிவிட்டது, அதற்கு வரியோடு 4,130 ரூபாய். முன்கூட்டியே கேட்டிருந்தால் விலை பாதி என்று ரசீது எழுதும்போது சொன்னார்கள். மோட்டார் உள்ள எதையும் கொண்டுபோவதாக இருந்தால் அதன் வாட் கணக்கை எழுதிக் கொடுத்துத் தனி இணைப்புக் கேளுங்கள். கொண்டுபோன பிறகு ஓட்டிப் பார்க்கிற வேலையை முந்தின நாள் மாலையே, மற்றவர்கள் திரை வைக்கும் முன் முடித்துவிடுங்கள்.

இணையம் அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கூரை, ஆயிரக்கணக்கான போன்கள், ஹாட்ஸ்பாட் பெயருக்குத்தான் இருந்தது. நிறுவல் கோப்பு, கையேடு, மாதிரி வரைபடங்கள் எல்லாம் லேப்டாப்பிலேயே இருந்ததால் தப்பித்தோம். பென்டிரைவில் மென்பொருள் போட்டுக் கொடுக்கலாம் என்று கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன், பெரிய கம்பெனி ஆட்கள் அதைத் தொடவே இல்லை. அவர்கள் அலுவலகத்தில் வெளி பென்டிரைவ் செருகத் தடை. சின்னப் பட்டறைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதிகாரபூர்வத் தளத்துக்குப் போகும் க்யூஆர் குறியீடு அச்சிட்ட ஒரு சிறு அட்டை போதும்.

இனி வந்தவர்களைப் பற்றி. “ஏனுங்க, இது என்ன வெலைங்க?” இதுதான் முதல் கேள்வி. விலை இல்லை என்றதும் முகம் சுருங்கும். அடுத்தது, “அப்ப உங்களுக்கு என்னங்க லாபம்?” இந்தக் கேள்விக்குச் சுதந்திர மென்பொருள் தத்துவத்திலிருந்து தொடங்கினால் ஆள் நகர்ந்துவிடுகிறார். நானும் மாணவனும் பேசி வைத்துக்கொண்ட பதில் இதுதான்: “நாங்களும் இதை வைத்து வேலை செய்கிறோம். நிறைய பேர் பயன்படுத்தினால் குறைகள் தெரியும், மென்பொருள் சீக்கிரம் சரியாகும், எங்களுக்கும் நல்லதுங்க.” அது உண்மையும்கூட, அதனால் எடுபட்டது. மூன்றாவது கேள்வி, பிரச்சனை வந்தால் யாரைக் கூப்பிடுவது. நான்காவது, என்னிடம் இருக்கும் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட வடிவம்) கோப்பு திறக்குமா. டிடபிள்யூஜிக்கு ஒரு மாற்றி நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும், டிஎக்ஸ்எஃப், ஸ்டெப் என்ற மற்ற இரண்டு வடிவக் கோப்புகளும் நேராகத் திறக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். ஐந்து அச்சு (ஃபைவ் ஆக்சிஸ்) வெட்டும் இயந்திரம் வைத்திருந்த ஒருவர் கேட்டபோது, அதற்கு நிரல் எழுத இதில் உள்ள கேம் பகுதி (வரைந்ததை இயந்திரத்துக்கான கட்டளையாக மாற்றும் பகுதி) போதாது, இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அவர் போய் வேறு இரண்டு பேரை அனுப்பினார். கூட்டிச் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது.

இரண்டாம் நாள் மாலை, கணபதியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையோடு வந்தார். திரையில் நாங்கள் போட்டு வைத்திருந்த அழகான இன்ஜின் மாடலைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இதை வரைய முடியுமா?” என்று பையிலிருந்து ஒரு வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு, ஓரத்தில் துரு, நான்கு போல்ட் துளை. அவர் சட்டைப்பையிலேயே வெர்னியர் இருந்தது. அவர் அளந்து சொல்லச் சொல்ல மாணவன் வரைந்தான். வட்டம், கனம், நடுத்துளை, ஒரு போல்ட் துளை, அதைச் சுற்றி நான்காகச் சுழற்றினான். அளவுகளை ஒரு அட்டவணையில் எழுதி மாடலோடு இணைத்தான். பிறகு அட்டவணையில் நான்கு என்பதை ஆறு என்று மாற்றியதும் திரையில் துளைகள் ஆறாயின, பக்கத்திலிருந்த அளவுப் படமும் மாறியது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பார்ட்டி ஒவ்வொருத்தனும் ஒரு துளைக் கணக்குச் சொல்வான். நான் ஒவ்வொண்ணுக்கும் புதுசா வரைஞ்சிட்டு இருக்கேன்” என்றார். அதற்குள் பின்னால் கூட்டம் கூடிவிட்டது. மறுநாள் முதல் அந்த இன்ஜின் மாடலை மூடிவிட்டோம். மேசைமேல் ஒரு வெர்னியரும், “உங்கள் பாகத்தைக் கொண்டுவாருங்கள், வரைந்து காட்டுகிறோம்” என்று கையால் எழுதிய அட்டையும் வைத்தோம். கேன்டீன் வழி என்று நான் நொந்துகொண்ட இடத்தில் மக்கள் காத்து நின்றார்கள். ரவுட்டருக்குச் செலவழித்த நேரத்தையும் பணத்தையும் இதில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. பட்டறைக்காரர்களுக்கு வெட்டுவது புதிதில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டது வரைவதுதான்.

கலைக்கும் நாளில் ஒரு கண்டம் இருக்கிறது. சாமான்களை உள்ளே கொண்டுவரும்போது பட்டியல் எழுதி வாயிலில் முத்திரை வாங்க வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் வெளியே விடுவார்கள். எங்கள் தாளில் ரவுட்டர் இருந்தது, தனியாகப் பிறகு கொண்டுவந்த கணினி இல்லை. ஞாயிறு இரவு அலுவலகத்தில் யாரும் இல்லாததால் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து கையெழுத்துப் போடும்வரை டாடா ஏஸ் வாயிலிலேயே நின்றது, காத்திருப்புக்கும் சேர்த்து வாடகை. பொருள் ஒவ்வொன்றையும் சீரியல் எண்ணோடு எழுதுங்கள், பிற்பாடு எதையாவது கொண்டுவந்தால் அதற்கும் முத்திரை வாங்குங்கள். தாளைப் போட்டோ எடுத்தும் வையுங்கள். ஸ்டாலுக்கு இரவில் பூட்டு கிடையாது. லேப்டாப்பையும் திரையையும் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

கண்காட்சி முடிந்த பிறகு வரும் வேலைக்கு யாரும் திட்டம் போடுவதில்லை. வந்தவர்கள் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கினோம். எண்ணுக்குப் பக்கத்தில் அவர் என்ன பாகம் செய்கிறார், என்ன கேட்டார் என்று ஒரு வரி எழுதியது பெரிய உதவி. அது இல்லாத பெயர்களைக் கூப்பிட்டபோது என்ன பேசுவதென்றே தெரியவில்லை. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயாக வேண்டும், தொண்டையோ சரியாகவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, கண்காட்சிக்கு வர முடியாதவர்களிடம் பிரித்துக் கொடுத்தேன். மாலை நேரத்தில் போன் பேச அவர்களால் முடிந்தது, சந்தோஷமாகவும் செய்தார்கள். வர முடியாதவர்களுக்கென்று இந்த வேலையை முதலிலேயே ஒதுக்கி வைக்கலாம். நாள் கடந்தால் அவர்களுக்கு நம்மை நினைவிருக்காது, ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுவிட வேண்டும்.

இப்போது அந்தப் பெரியவரின் பட்டறையிலேயே ஞாயிறு மதியம் வகுப்பு நடக்கிறது. அக்கம்பக்கத்து யூனிட் ஆட்களும் வருகிறார்கள், போன வாரம் பல்சக்கரம் வரைவது எப்படி என்று கேட்டார்கள், அதற்கான கூடுதல் தொகுப்பை நிறுவிக் காட்டினோம். அடுத்த கண்காட்சிக்கு ஒரு பாலிடெக்னிக் தன் பெயரில் ஸ்டால் எடுக்கச் சம்மதித்திருக்கிறது. லீவு உறுதியான ஆட்களின் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் கட்டுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.